அலையாத்திக் காடு அழிந்தால் கூடவே போவது என்னென்ன?

கேள்வி இதுதான்: "அலையாத்திக் காடுகள் அழிவதால் சுற்றுச்சூழலுக்கும் மனிதர்களுக்கும் உண்மையில் என்ன நஷ்டம்? உலகத்தில் வேறு காடுகள் எவ்வளவோ இருக்க, கரையோரச் சேற்றில் நிற்கும் இந்த மரங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலை? ஓர் இடத்தில் வெட்டினால் இன்னோர் இடத்தில் நட்டுக்கொள்ள முடியாதா?"

கடைசிக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. ஆனால் அதற்கு நேராகப் போனால் பதில் புரியாது. முதலில் சேற்றைப் பற்றிப் பேச வேண்டும். இந்தப் பேச்சு எங்கே நடந்தாலும் மரத்தில் ஆரம்பித்து மரத்திலேயே முடிந்துவிடுகிறது என்பது என் மனக்குறை.

வற்றம் நேரத்தில், அதாவது கடல் தண்ணீர் இறங்கியிருக்கும்போது, காட்டுக்குள் இறங்கி நின்றால் கணுக்கால் வரை கால் புதையும், சில இடங்களில் முழங்கால் வரை போகும். ஒரு குச்சியைச் சேற்றில் குத்தி இழுத்துப் பாருங்கள். குமிழி வரும், கூடவே அழுகிய முட்டை வாடை அடிக்கும். குச்சியின் நுனியில் ஒட்டியிருக்கும் சேறு கன்னங்கறுப்பாக இருக்கும். மேலே ஒரு விரற்கடை அளவுக்குத்தான் பழுப்பு நிறம். பழுப்பு முடிந்து கறுப்பு தொடங்கும் இடத்தோடு ஆக்சிஜனும் தீர்ந்துபோகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கறுப்புச் சேற்றில் வேர் மூச்சுவிட முடியாது. அதனால்தான் வெண்கண்டல் மரம் தன் வேர்களைப் பென்சில் பென்சிலாக மேல்நோக்கி அனுப்புகிறது. ஒரே மரத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் அவை குத்திட்டு நிற்கும். சுரபுன்னைக்கு வேறு உபாயம். தண்டிலிருந்து வளைந்து இறங்கும் முட்டு வேர்களின் மேல் சின்னச் சின்னத் துளைகள், அவற்றின் வழியே காற்று. உப்பைச் சமாளிப்பதிலும் ஆளுக்கொரு வழி. சுரபுன்னை வேரிலேயே உப்பைப் பெரும்பாலும் வடிகட்டிவிடும். வெண்கண்டல் உள்ளே விட்டு இலை வழியாக வெளியே தள்ளும். வெயில் ஏறிய பிறகு அந்த இலையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும்.

இதே ஆக்சிஜன் இல்லாத நிலைதான் இன்னொரு வேலையும் செய்கிறது. உதிர்ந்த இலை, செத்த வேர், ஓதம் (கடல் தினமும் ஏறி இறங்குவது) கொண்டுவந்து சேர்க்கும் குப்பைகூளம் எதுவும் அங்கே முழுதாக மக்குவதில்லை. வேர்கள் தண்ணீரின் வேகத்தைக் குறைக்க, ஆறு கொண்டுவரும் வண்டலும் அதன்மேல் படிகிறது. இப்படி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகள் ஆனால் பல மீட்டர் தடிமனுக்குச் சேறு. காடு என்று நாம் பார்ப்பது அதன் மேல்தோல்தான்.

இந்தோ-பசிபிக் பகுதியில் 25 இடங்களில் அளந்து 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஒரு ஹெக்டேர் அலையாத்திக் காட்டில் சராசரியாக ஆயிரம் டன்னுக்கு மேல் கார்பன் இருக்கிறது. அதில் பாதிக்கும் மேல், சில இடங்களில் கிட்டத்தட்ட மொத்தமுமே, சேற்றுக்குள்தான். மேட்டுநில வெப்பமண்டலக் காடுகளில் இருப்பதைப்போல இது பல மடங்கு. மரத்தை வெட்டி, சேற்றைக் கிளறிக் காற்றில் போட்டால், இவ்வளவு காலம் மக்காமல் இருந்ததெல்லாம் மக்க ஆரம்பிக்கும். கார்பன் வாயுவாகி மேலே போகும். உலகப் பரப்பில் இந்தக் காடுகள் மொத்தமே சுமார் 1.48 கோடி ஹெக்டேர்தான், உலகக் காடுகளில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் ஒரு ஹெக்டேர் போனால் போவது சாதாரண ஹெக்டேர் அல்ல. "மற்ற காடுகள் இருக்கின்றனவே" என்பதற்கு என் முதல் பதில் இது.

சரி, இந்தச் சேற்றைக் கிளறுவது யார்? உலகம் முழுக்கப் பார்த்தால் முதல் இடத்தில் நிற்பது இறாலும் மீனும் வளர்க்கும் குளங்கள். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்கில் 1980-க்கும் 2005-க்கும் இடையே சுமார் 36 லட்சம் ஹெக்டேர், அதாவது அன்று இருந்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, காணாமல் போனது. பிலிப்பைன்ஸில் 1920 வாக்கில் நாலரை லட்சம் ஹெக்டேர் இருந்தது, 1990-களின் நடுவில் ஒன்றேகால் லட்சத்துக்கும் கீழே வந்தது, பெரும்பகுதி மீன்குளங்களாயிற்று. தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா, ஈக்வடார் என்று எங்கும் அதே கதை. மியான்மரில் நெல், மலேசியாவில் எண்ணெய்ப்பனை. நகரங்களை ஒட்டிய இடங்களில் குப்பை கொட்டி மேடாக்கி வீட்டுமனை.

குளம் வெட்டிய பிறகு நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பலருக்கும் தெரியாத பகுதி இது.

கடல் தண்ணீரில் சல்பேட் உண்டு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அந்த சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும் (அழுகிய முட்டை வாடை அதுதான்). அது வண்டலில் இருக்கும் இரும்போடு சேர்ந்து பைரைட் என்ற கனிமமாகிச் சேற்றிலேயே தங்கிவிடும். ஈரமாக, மூடிக்கிடக்கும்வரை அதனால் ஒரு கெடுதியும் இல்லை. குளம் வெட்டுகிறவர் என்ன செய்கிறார்? அந்தச் சேற்றைத் தோண்டி எடுத்துக் கரையாகப் போடுகிறார். கரை வெயிலில் காய்கிறது, வெடிக்கிறது, காற்று உள்ளே போகிறது. பைரைட் ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலமாகிறது. முதல் மழையில் அந்த அமிலம் கரையிலிருந்து கழுவிக்கொண்டு குளத்துக்குள் இறங்குகிறது.

அப்போது குளத்தோரத்தில் துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சு நிறத்தில் படலம் கட்டும். தண்ணீரின் பிஎச் (ஏழுக்குக் கீழே குறையக் குறைய அமிலம் அதிகம் என்று காட்டும் அளவு) நாலுக்கும் கீழே போவதுண்டு. மண்ணிலிருந்த அலுமினியமும் இரும்பும் கரைந்து வந்து மீனின் செவுளில் ஒட்டும், இறாலின் ஓடு கெட்டிப்படாது. மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு கொட்டுவார்கள். கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் கரை முழுக்கவே அமிலக் கிடங்கு. இதற்கு மேல் வெள்ளைப்புள்ளி நோய். 1990-களில் ஆசியா முழுக்கப் பண்ணைகளைத் துடைத்துப்போட்ட வைரஸ் அது. பல இடங்களில் ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள் குளம் கைவிடப்பட்டது. முதலீடு போட்டவர் அடுத்த காட்டைத் தேடிப் போனார். பின்னால் கிடப்பது காடும் இல்லை, வயலும் இல்லை, குளமும் இல்லை.

அடுத்து, மக்கள் அதிகம் கேட்பது: புயலையும் சுனாமியையும் இந்தக் காடு தடுக்குமா?

தமிழில் பெயரே அலையாத்தி. அலையை ஆற்றுவதால் அப்படிப் பெயர் என்பார்கள். ஆற்றும் என்பதுதான் சரியான சொல், தடுக்கும் என்பது அல்ல. சாதாரணக் காற்றலைகளின் உயரத்தை நூறு மீட்டர் அகலக் காடு 13 முதல் 66 சதவீதம் வரை குறைக்கும் என்று அளந்திருக்கிறார்கள். இந்த இடைவெளியைப் பார்த்தாலே தெரியும், மரத்தின் வகை, நெருக்கம், தண்ணீரின் ஆழம் எல்லாவற்றையும் பொறுத்தது. புயலில் கடல் மட்டமே உயர்ந்து உள்ளே வருவது வேறு கதை. அதைக் குறைக்க நூறு மீட்டர் போதாது. ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு 5 முதல் 50 சென்டிமீட்டர் வரை நீர்மட்டம் குறையும் என்பது பொதுவான கணக்கு. அரை மீட்டர் என்றால் அற்பமாகத் தோன்றலாம். திண்ணை வரை வந்து நிற்கும் தண்ணீருக்கும் படுத்திருக்கும் குழந்தையை மூழ்கடிக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

நல்ல சான்று ஒடிசாவிலிருந்து கிடைக்கிறது. 1999 அக்டோபர் 29-இல் வந்த பெரும்புயலில் பத்தாயிரம் பேர் அளவில் இறந்தார்கள். கேந்திரபாடா மாவட்டத்தில் நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்களின் சாவு எண்ணிக்கையையும், கடலுக்கும் ஊருக்கும் நடுவே மிச்சமிருந்த காட்டின் அகலத்தையும் எடுத்து ஆய்வு செய்தார்கள். ஊர் எவ்வளவு மேட்டில் இருக்கிறது, கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும், அகலமான காடு இருந்த ஊர்களில் சாவு குறைவு என்று தெரிந்தது. அங்கே காட்டை அழித்தது பெரும்பாலும் நெல் வயலுக்காக. இன்னொன்றையும் அதே ஆய்வு சொன்னது: முன்னெச்சரிக்கை காப்பாற்றிய உயிர்கள் காடு காப்பாற்றியதைவிட அதிகம். இதை விட்டுவிட்டுப் பாதியை மட்டும் சொல்லக் கூடாது.

2004 சுனாமி விஷயத்தில் நான் இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேசுவேன். காடு இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று உடனடியாகச் சில ஆய்வுகள் வந்தன. அதே தரவுகளை எடுத்து, அந்த ஊர்கள் மேட்டில் இருந்ததும் கடலிலிருந்து தள்ளி இருந்ததும்தான் பெரிய காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. பெரிய சுனாமி காட்டையே பிடுங்கிக்கொண்டு வந்து, மரத்துண்டுகளே ஆயுதமாகவும் மாறலாம். ஆகவே "காடு நட்டால் சுனாமிக்குப் பயமில்லை" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். வருடா வருடம் வரும் புயலுக்கும் வெள்ளத்துக்கும் அது செய்யும் வேலையே போதும். உலகில் இந்தக் காடுகள் முழுதும் இல்லாமல் போனால் ஆண்டுதோறும் கூடுதலாக ஒன்றரைக் கோடிப் பேர் வெள்ளத்தில் சிக்குவார்கள், சொத்துச் சேதம் 6,500 கோடி டாலருக்கு மேல் கூடும் என்று 2020-இல் வந்த ஒரு கணிப்பு சொல்கிறது.

மியான்மரில் 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவில் நுழைந்தபோது அங்கே காட்டின் பெரும்பகுதி ஏற்கெனவே வயலாகியிருந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் பேர். முழுக் காடும் இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. தப்பியவர்களில் பலர் ஏதோ ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு தப்பினார்கள் என்பது மட்டும் அங்கிருந்து திரும்பத் திரும்ப வந்த செய்தி.

மீனுக்கு வருகிறேன். முட்டு வேர்களின் இடுக்கில் பெரிய மீன் நுழைய முடியாது. அதனால் குஞ்சுகளுக்கு அது பிள்ளைமடம். ஏற்றத்தில் உள்ளே வந்து மேயும், வற்றத்தில் வாய்க்காலுக்கு இறங்கும், உடம்பு தேறியதும் கடலுக்குப் போய்விடும். இறால், சேற்று நண்டு, மடவை, கொடுவா எல்லாம் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் இங்கே வந்து போகிறவை. உதிர்ந்த இலையை இழுத்துக்கொண்டு வளைக்குள் போகும் நண்டுகள் வேறு; அவை தோண்டும் வளைகள் வழியாகத்தான் சேற்றுக்குள் கொஞ்சம் காற்றும் தண்ணீரும் இறங்குகிறது.

கரீபியக் கடலில் வானவில் கிளிமீன் என்று ஒன்று. ஒரு மீட்டர் நீளம்கூட வளரும். பெரியதானதும் பவளப்பாறையில் பாசி மேயும், குஞ்சுப் பருவத்தில் மட்டும் அலையாத்தி வேர்கள் வேண்டும். வேர்கள் போன இடங்களில், பவளப்பாறை பத்திரமாக இருந்தும் இந்த மீன் அற்றுப்போனது என்று 2004-இல் பதிவானது. காட்டோடு தொடர்புள்ள பவளப்பாறைகளில் வேறு சில மீன்களின் எடை இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது என்பதும் அதே ஆய்வில் உண்டு. பாறையைக் காப்பாற்றுகிறேன் என்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கோளாறு கரையில் இருந்தது.

இதில் ஒரு பெரிய சங்கடம், நஷ்டம் வெட்டிய இடத்தில் தெரியாது, வெட்டிய வருடத்திலும் தெரியாது. இன்றைக்குக் காடு போனால் இரண்டு மூன்று வருடம் கழித்து எங்கோ தள்ளி வலை வீசுகிறவருக்கு மீன் குறையும். அவர் டீசல் விலையைத் திட்டுவார், விசைப்படகைத் திட்டுவார். அதிலும் நியாயம் இருக்கும். காட்டைப் பற்றி யோசிக்கவே மாட்டார். மெக்ஸிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் காட்டு விளிம்பில் ஒரு ஹெக்டேர் ஆண்டுக்குச் சுமார் 37,500 டாலர் மதிப்புள்ள மீனும் நண்டும் தருகிறது என்று 2008-இல் கணக்கிட்டார்கள். அந்தப் பணம் யாருடைய கணக்குப் புத்தகத்திலும் காட்டின் பெயரில் ஏறுவதில்லை. இறால் குளத்தின் வருமானமோ முதல் வருடமே ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் ஏறிவிடும்.

மனிதர்களுக்கு நேரும் இழப்பில் ஆறாத பகுதி இங்கேதான் என்று நினைக்கிறேன். பெரும்பாலான நாடுகளில் இந்தச் சேற்றுக்குத் தனிப்பட்ட பத்திரம் கிடையாது. ஓதம் ஏறி இறங்கும் இடம் யாருக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லாருக்கும் சொந்தம். அரசுக் காகிதத்தில் அது பல காலம் உபயோகமற்ற சதுப்பு. அங்கே தினமும் வேலை செய்தவர்கள் படகோ வலையோ வாங்க முடியாதவர்கள். ஈக்வடாரின் கரையில் பெண்கள் வற்றம் பார்த்துக் காட்டுக்குள் இறங்குவார்கள், வேர்களுக்கு இடையே குனிந்து, முழங்கை வரை கையைச் சேற்றில் விட்டுத் துழாவிக் கருஞ்சிப்பியை எடுப்பார்கள். முதலீடு ஒரு கூடையும் முதுகெலும்பும். செனெகலிலும் காம்பியாவிலும் வேர்களில் ஒட்டிய சிப்பியைப் பெண்கள்தான் கொத்தி எடுக்கிறார்கள்.

குளம் வந்தால் அந்த இடத்துக்கு வேலி வருகிறது, காவலாள் வருகிறான், நாய் வருகிறது. நேற்றுவரை நடந்துபோன வாய்க்காலில் இன்று நடந்தால் திருட்டு. ஈடு கேட்கலாம் என்றால் இழந்ததற்குக் காகிதம் இல்லை. குளத்தில் வேலை கிடைக்கும் என்பார்கள். வெட்டும்போது நிறையப் பேர் தேவை, அப்புறம் பல ஹெக்டேருக்கு ஓரிரு ஆள் போதும். ஈக்வடாரில் பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2000 வாக்கில் காட்டின் காவல் பொறுப்பையும் பயன்பாட்டையும் கரையோரச் சமூகங்களுக்கே எழுதிக்கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அதற்குள் நல்ல காட்டில் கணிசம் குளமாகியிருந்தது.

நிலமே இறங்கிப்போவது இன்னொரு இழப்பு. இதற்கு வங்காள டெல்டாவைப் போல எடுத்துக்காட்டு வேறில்லை. பங்களாதேஷில் குல்னா பகுதியில் 'போல்டர் 32' என்று ஒரு தீவு. 1960-களில் அதைச் சுற்றி மண்கரை எழுப்பி, ஓதத்தை வெளியே நிறுத்தி, உள்ளே பயிர் செய்தார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சுந்தரவனக் காடு அப்படியே நின்றது. ஐம்பது வருடம் கழித்து இரண்டையும் அளந்தார்கள். காட்டின் தரை வண்டல் படிந்து படிந்து கடலோடு கூடவே உயர்ந்திருந்தது. கரைக்குள் இருந்த நிலம் அதைவிட ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தாழ்வில் கிடந்தது. மரமும் இல்லை, வண்டலும் வரவில்லை, மண்ணும் அமுங்கிவிட்டது. 2009 மே மாதம் அய்லா புயலில் கரை உடைந்தபோது தண்ணீர் கிண்ணத்தில் ஊற்றியதுபோல் நிரம்பியது. வடியவில்லை. எங்கே வடியும்? வெளியே ஓதம் ஏறினால் வெளித் தண்ணீர் மட்டம்தானே உயரம். கரையை அடைத்து முடிக்க ஏறத்தாழ இரண்டு வருடம் ஆயிற்று. அதுவரை மக்கள் கரையின் மேலேயே கொட்டகை போட்டுக் கிடந்தார்கள்.

அந்தப் போல்டர் இருக்கும் தாகோப் வட்டாரத்தில்தான் குடிநீர் உப்பு பற்றிய ஆய்வும் நடந்தது. உப்பு அதிகமான தண்ணீரைக் குடித்த கர்ப்பிணிகளிடம் இரத்த அழுத்தக் கோளாறுகள் அதிகம் என்று கண்டார்கள். உப்புக்குக் காரணம் பல: மேலே ஆற்றில் நன்னீர் குறைந்தது, கடல் ஏறுவது, இறாலுக்காக வயலுக்குள் உப்புத்தண்ணீரை விடுவது. காடு போனது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இவை தனித்தனியாக வருவதில்லை. ஓதத்தோடு இருந்த பழைய ஒப்பந்தம் முறிந்த இடத்தில் எல்லாம் சேர்ந்தே வரும்.

ஜாவாவின் வடகரையில் தெமாக் பகுதியும் அப்படித்தான். காட்டை எடுத்துக் குளம் வெட்டினார்கள், பக்கத்து நகரத்தின் நிலத்தடி நீர் உறிஞ்சலால் தரையும் இறங்கியது. கடல் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்துவிட்டது. திம்புல்ஸ்லோகோ என்ற ஊரில் வீட்டுத் தரையை மறுபடி மறுபடி உயர்த்தி, இப்போது வாசல்படி நிலைக்குக் குனிந்துதான் உள்ளே போகவேண்டும். கூரை அதே இடத்தில் இருக்கிறது, தரைதான் மேலே வந்துவிட்டது. தெரு இருந்த இடத்தில் பலகைப் பாலம்.

வெட்டாமலும் காடு சாகும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறுக்கே ஒரு சாலை போட்டுக் குழாய் வைக்க மறந்தால் போதும், ஓதம் நின்று மூச்சுவேர்கள் தேங்கிய தண்ணீரில் மூழ்கி ஒரு பருவத்தில் காடு பட்டுப்போகும். சிந்து டெல்டாவில் அணைகளால் நன்னீரும் வண்டலும் வராமல் உப்பு கூடியது. நைஜர் டெல்டாவில் கச்சா எண்ணெய் மூச்சுவேர்த் துளைகளை அடைத்தது. ஆஸ்திரேலியாவின் கார்ப்பென்டேரியா வளைகுடாவில் 2015 கடைசியில் ஆயிரம் கிலோமீட்டர் கரையில் சுமார் 7,400 ஹெக்டேர் சில மாதங்களில் காய்ந்தது. எல் நினோவால் கடல் மட்டம் தற்காலிகமாக இறங்கி, மரங்கள் தாகத்தில் செத்தன. கடல் ஏறுவதும் ஆபத்து. ஆண்டுக்கு ஆறு ஏழு மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால் சேறு படியும் வேகம் ஈடுகொடுக்காது என்று பழைய மண் அடுக்குகளைப் பார்த்துச் சொல்கிறார்கள். உள்நோக்கி நகரலாம் என்றால் பின்னால் சுவரும் சாலையும். உலகின் அலையாத்திச் சூழல் வகைகளில் பாதி 2050-க்குள் குலையும் அபாயத்தில் இருக்கின்றன என்று 2024-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மதிப்பிட்டது. ஆறுதலாக ஒன்று: அழியும் வேகம் 1980-களில் இருந்ததைவிட இப்போது கணிசமாகக் குறைந்திருக்கிறது.

இப்போது கடைசிக் கேள்வி. வேறு இடத்தில் நட்டால் என்ன?

அந்த "வேறு இடம்" எது என்று கேட்டுப் பாருங்கள். காடு இருந்த இடம் இப்போது ஒருவரின் குளம், குத்தகை இருக்கிறது, வழக்கு இருக்கிறது. சண்டையில்லாத இடம் ஒன்றுதான்: காட்டுக்கும் கீழே, கடல் பக்கம் திறந்து கிடக்கும் சேற்றுத்திட்டு. அங்கே கொண்டுபோய்ச் சுரபுன்னைக் காய்களை வரிசையாகக் குத்துவார்கள். குத்துவது சுலபம், நீளக் காய், போட்டோவிலும் நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் திட்டு நாளில் பெரும்பகுதி தண்ணீருக்கடியில் இருப்பது. மரம் வளரும் இடமாக இருந்தால் இத்தனை நூற்றாண்டில் தானே வளர்ந்திருக்காதா? பிலிப்பைன்ஸில் பல பத்தாண்டுகள் இப்படி நட்டதில் பத்து இருபது சதவீதம்தான் தங்கியது. சில இடங்களில் நல்ல கடற்புல் தரையைக் கெடுத்ததுதான் மிச்சம். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்ட 23 இடங்களை ஆராய்ந்தபோது ஒன்பதில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் நட்டதில் தேறியது சுமார் 200.

தேறிய இடங்களில் எல்லாம் முதலில் தண்ணீரைச் சரிசெய்திருக்கிறார்கள். பிச்சாவரத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் திட்டுத் திட்டாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெயில் பட்ட சேறு ஈரம் இழந்து அமுங்கிப் பள்ளமானது. பள்ளத்தில் ஏறிய ஓதம் திரும்ப முடியாமல் தேங்கிக் காய்ந்து, உப்பு ஏறி, கன்று பிடிக்காத பொட்டலாகிவிட்டது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். நடுவே ஒரு தாய் வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஓதம் போய்வர ஆரம்பித்ததும் உப்பு கழுவிப்போனது, அதன் பிறகு நட்டது நின்றது. வியட்நாமின் கான் ஜோ காட்டை அமெரிக்கப் போர் விமானங்கள் களைக்கொல்லி தெளித்தே அழித்தன. அங்கே ஓதமும் வண்டலும் கெடவில்லை. 1978 முதல் விதைத்ததில் காடு திரும்பி, 2000-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாயிற்று.

ஆகவே வெட்டிய காட்டை வேறெங்கோ நட்டு ஈடுகட்டுவதாக ஒரு திட்டம் வந்தால், நான் முதலில் எத்தனை லட்சம் கன்று என்று பார்ப்பதில்லை. எந்தக் குளத்தின் கரையை உடைக்கப் போகிறார்கள், அந்த இடம் நாளில் எத்தனை மணி நேரம் தண்ணீரில் இருக்கும், ஐந்து வருடம் கழித்து யார் வந்து எண்ணுவார்கள் என்று பார்ப்பேன். கைவிட்ட குளத்தின் கரையைச் சரியான இடத்தில் உடைத்து, பக்கத்தில் தாய்மரங்களும் இருந்தால், பல நேரம் நடவே வேண்டாம். வெண்கண்டல் காயும் சுரபுன்னைக் காயும் மரத்திலேயே முளைவிட்டு விழுந்து மிதப்பவை. ஏற்றத்தோடு உள்ளே வந்து வற்றத்தில் தரைதட்டி வேர்விடும். இருபது இருபத்தைந்து வருடத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் பழைய காடு மாதிரியே இருக்கும். அங்கேயும் ஒரு குச்சியைக் குத்தி இழுத்துப் பாருங்கள். கறுப்புச் சேறு அப்போதுதான் ஒரு சாண் தேறியிருக்கும்.